அனுமதிக்கப்படாத செலவுகள்

மானியப் பணம் வந்த அன்று
ரூடி ஹாக்கலா ஒன்றும் வாங்கவில்லை.
பட்டறை ஹீட்டரை இரண்டு டிகிரி கூட்டிவைத்தார்,
அவ்வளவுதான்.
நான் கணக்கு எழுதுகிறவள்.
விடிவதற்குள் பள்ளிப் பேருந்து ஓட்டிவிட்டு
பதினோரு மணிக்கு மேல் இங்கே.

உறைந்த ஏரியின்மேல் வைத்தால்
ஒரு தட்டுத் தட்டி, திரும்பும் ஒலியைக் கேட்டு
பனி எத்தனை அங்குலம் என்று சொல்லும் கருவி.
சாப்பாட்டு டப்பா அளவு.
ரூடி, அவர் மைத்துனி இல்மி,
வாரம் இருபது மணி நேரம் வந்துபோகும்
கல்லூரிப் பையன் ப்ரைசன்.
கம்பெனி என்பது இவ்வளவுதான்.

வாஷிங்டனில் பெயர் தெரியாத மூன்று பேர்
எங்கள் பதினைந்து பக்கத்தைப் படித்துவிட்டு
“தோற்க வாய்ப்பு அதிகம், ஆகவே தகுதியானது”
என்று எழுதியிருந்தார்கள்.
அந்த ‘ஆகவே’யை நான் இரண்டு முறை படித்தேன்.
அதே முதல் பாதிக்குத்தான்
ஹான்காக் வங்கியில்
எங்களுக்குக் கதவைக் காட்டினார்கள்.

முதல் கட்டம், ஆறு மாதம்.
நாளைக் கால் மணி நேரங்களாக நறுக்கி
அன்றன்றைக்கே எழுத வேண்டும்.
ஒலிவாங்கி, அனுமதி உண்டு.
ஏரிவரை போக பெட்ரோல், உண்டு.
காபி, இல்லை.
இல்மி பனிமேல் மண்டியிட்டுக்
கருவியை விட்டுவிட்டு
ஏரியையே கேட்டுக்கொண்டிருந்த நாற்பது நிமிடம்,
அதை எங்கே எழுத?
‘ஆய்வு’ என்று எழுதினேன்.
தணிக்கைக்காரர் கேட்டால்
அவரையும் மண்டியிடச் சொல்வேன்.

எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு.
எஞ்சின் பிடுங்கிய பழைய காரை
நடு ஏரியில் நிறுத்திவைத்து
என்றைக்கு மூழ்கும் என்று பந்தயம் கட்டுவோம்.
ஆளுக்கு ஐந்து டாலர், வசூல் தீயணைப்பு நிலையத்துக்கு.
இந்த வருடம் பச்சை நிற ப்யூக்.
மார்ச் ஒன்பது, மாலை நான்கு மணி:
அதன் பக்கத்தில் கருவியை வைத்தோம்.
பதினான்கு அங்குலம் என்றது.
ராத்திரி ப்யூக் போய்விட்டது.

காலையில் அந்த ஓட்டையின் விளிம்பை
ரூடி வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.
வெண்பனிக்கு அடியில் நீர் ஊறிய கஞ்சி போல் ஓர் அடுக்கு.
கருவி அதையும் கெட்டிப் பனி என்று எண்ணிக்கொண்டது.
“சராசரி எடுத்தால் தெரியாது” என்றான் ப்ரைசன்.
கெட்ட பையன் இல்லை,
அடுத்த பருவக் கட்டணம் பாக்கி.
இல்மி ஒன்றும் சொல்லவில்லை,
கையுறையைக் கழற்றி மேசைமேல் வைத்தாள்.
ரூடி இறுதி அறிக்கையில்
ஒற்றை விரலால் தட்டினார்:
ஈரப்பனி இருக்கும் நாளில்
இந்தக் கருவி பொய் சொல்கிறது.

நான் அதை அனுப்பினேன்.
ஒரு பொய்யைக் கண்டுபிடிக்க நாட்டு மக்கள் கொடுத்த காசு,
சதம் குறையாமல் கணக்கில் இருக்கிறது.

இரண்டாம் கட்டத்துக்கு விண்ணப்பித்தாயிற்று.
நடுவில் எவரும் பெயரிடாத ஒரு கட்டம்,
அதற்கு மானியம் இல்லை.
ப்ரைசன் பீட்சா கொண்டுபோகிறான்.
ரூடியின் படகு எஞ்சின் விற்றுப்போனது.
அரசன் வீட்டுக் கோழிமுட்டை
குடியானவன் அம்மியை உடைக்கும் என்பார்கள்.
இது எதையும் உடைக்கவில்லை.
பொரிக்கவும் இல்லை, இன்னும்.

பணம் வந்தால் ஆகஸ்டில் வரும்.
ஆகஸ்டில் அந்த ஏரியில்
என் பேருந்துப் பிள்ளைகள் நீந்துவார்கள்.
அதனால் இல்மி,
மூடிய ஐஸ்கிரீம் கடையிலிருந்து
பெட்டி ஃப்ரீசர் ஒன்றை இழுத்துவந்து
அதில் ஏரித் தண்ணீரை ஊற்றியிருக்கிறாள்,
மேலே சீவிய பனி, அதன்மேல் ஒரு குவளை வெந்நீர்.
குனிந்து தட்டுகிறாள். கேட்கிறாள்.
மறுபடி தட்டுகிறாள்.

மின்கட்டணச் சீட்டு என் கையில்.
நூற்றுப் பன்னிரண்டு டாலர்.
எந்தப் பத்தியிலும் இதற்கு இடமில்லை.
பேருந்துச் சம்பளக் கவரைத் திறந்தேன்.
அவளிடம் சொல்லவில்லை,
சத்தம் போட்டால்
எதிரொலி கெட்டுவிடும்.