ஏழுக்கும் எட்டுக்கும் நடுவே

மூன்று பொதுக்குழு, ஒரு வக்கீல் நோட்டீஸ்,
ஒரு பக்கக் கண்ணாடி உடைசல்.
பிரச்சினை நாலு அங்குலம்.

பெயின்டர் வரதன் 'நாளைக்கு' என்று சொல்லிப்
பதினோரு நாள் ஆகிறது.
ஆகவே பொருளாளர் ஆகிய நான்
மடிப்பாக்கத்தில், ஞாயிறு காலை ஆறரைக்கு,
கார் நிறுத்துமிடத்தில் முட்டிபோட்டிருக்கிறேன்,
பழைய நைட்டியோடு.

போன வாரம் தூசி மேலேயே டேப்பை ஒட்டிவிட்டேன்.
மஞ்சள் அடியில் புகுந்து ஓடியது.
இரண்டு தரப்பும் போனில் படம் பிடித்தார்கள்.
"இது கோடாம்மா? பூரான்"
என்றார் ஏழாம் நம்பர் எத்திராஜுலு.
எட்டாம் நம்பர் ஸ்டெல்லா முதன்முறையாக
அவர் சொன்னதற்குச் சிரித்தார்.

பூரானைச் சுரண்டி எடுக்கவே ஒரு வாரம்.

இந்த முறை பெருக்கினேன். ஈரத்துணியால் துடைத்தேன்.
எண்ணெய்ச் சொட்டு இருந்தது
(எட்டாம் நம்பர் வண்டியுடையது, நடுநிலையோடு சொல்கிறேன்),
சோப்புத்தூள் போட்டுத் தேய்த்தேன்.
தரையே வேர்க்கிற ஊர் இது.
மேசை விசிறியை மாடியிலிருந்து இறக்கி
இரண்டு மணி நேரம் தரைக்குக் காற்று வீசினேன்.
வாட்ச்மேன் துரைக்கண்ணு என்னையே பார்த்தபடி
பல் துலக்கிக்கொண்டிருந்தார்.

டேப்பை இழுத்து ஒட்டக் கூடாது.
இழுபட்டது சும்மா இருக்காது,
நாம் அந்தப் பக்கம் திரும்பியதும் சுருங்கிக் கோணும்.
தளர்வாக, கைநீளம் கைநீளமாக விட்டு
ஓரத்தை அழுத்த வேண்டும். விரல் போதாது.
காலாவதியான ஏடிஎம் அட்டை போதும்,
அதற்கு இன்னும் இந்த வேலை மிச்சம் இருக்கிறது.

இனிமேல்தான் சூட்சுமம்.
மஞ்சளுக்கு முன்னால்
தரையின் சாம்பல் நிறத்தையே
டேப் ஓரத்தில் ஒரு கை பூசினேன்.
எங்கேயோ கசியத்தான் போகிறது.
கசிவது தரையின் நிறத்தில் கசியட்டும்.
சந்து அடைந்தபின் மஞ்சள்,
மெல்லிசாக, இரண்டு தடவை,
டேப்பிலிருந்து உள்பக்கமாக.

முழுக்கக் காயும்வரை விட்டால்
மஞ்சளின் தோலும் சேர்ந்து உரியும்.
பளபளப்பு அடங்கி, தொட்டால் விரல் லேசாக
ஒட்டுகிற நேரம் ஒன்று உண்டு.
அந்த நேரம் பார்த்து இருவரும் இறங்கி வந்தார்கள்.
எத்திராஜுலு கையில் அளவு டேப்.

"அந்த நாலு அங்குலத்தை
யாருக்குக் கொடுத்தீங்க?"

பதில் சொல்லாமல் நுனியைத் தூக்கினேன்.
மேலே பிடுங்காமல்
தன் மேலேயே மடங்கிப் பின்னால் போகும்படி,
அவசரமில்லாமல்.
வாழைமட்டையில் நார் உரிவது மாதிரி வந்தது.
இந்தப் பக்கம் முடித்து அந்தப் பக்கம் போனேன்.
மூவருமே பேசவில்லை.
தண்ணீர் மோட்டார் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

அவர் குனிந்து கோட்டின் அகலத்தை அளந்தார்.
நாலு அங்குலம்.
மறுபடி அளந்தார்.
ஸ்டெல்லாவும் குனிந்து, கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார்.

உரித்த டேப் உருண்டையைக்
குப்பைக்கூடையில் உதறினேன், விழவில்லை.
இடக்கையால் பிடுங்கினேன், இடக்கையில் ஒட்டியது.

செவ்வாய்க்கிழமை இரவு பால் வாங்கி வரும்போது பார்த்தேன்:
எட்டாம் நம்பர் வண்டியின் பின்சக்கரம் மஞ்சளில்.
ஏழாம் நம்பருடைய முன்சக்கரமும்.

ஓரம் மட்டும்,
பால் பாக்கெட்டைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தேன்,
கத்தி.