அடிப்படை ஆண்டு

மானியப் படிவம் பதினெட்டுப் பக்கம்.
ஏழாம் பக்கம் கேட்கிறது:
கடந்த மூன்றாண்டில் எரித்தது எவ்வளவு?
கங்கைகொண்டான் சாலைச் சுண்ணாம்புச் சூளையில்
தகரக் கூரை ஆபீசுக்குள்
நான் பில்கட்டு அவிழ்க்கிறேன்.
ஒழுகி ஒட்டிப்போன தாள்களிலிருந்து
தூத்துக்குடியில் இறங்கிய நிலக்கரி
இன்னும் விரலுக்கு வருகிறது.

"கொறச்சிப் போட்டுராத தாயி" என்கிறார் முதலாளி,
"முன்னால எவ்வளவு பொகஞ்சோமோ
அதுக்குத் தக்கனதான் துட்டு."
பொய்யில்லை.
குறைக்கப்போகும் டன்னுக்குத்தான் தொகை.
குறைக்க, முதலில் நிறைய இருக்க வேண்டும்.
எங்களிடம் இருக்கிறது.
ஆனி மேகாத்தில்
கிழக்குத் தெருக்காரர்கள் துணி காயப்போடுவதில்லை.

சாலைக்கு அந்தப் பக்கம்
தாவீது அண்ணாச்சி சூளை.
சித்தாற்றங்கரை வயலை விற்று
அஞ்சு வருஷம் முன்பே
வெளியே ஓடும் சூட்டைத் திருப்பிவிட்டு
அடுத்த கல்லைக் காயவைக்கப் பழக்கியவர்.
அவர் புகைபோக்கியைப் பார்த்தால்
சூளை எரிகிறதா என்றே சந்தேகம் வரும்.

அவரும் போனார் கொக்கிரகுளத்துக்கு.
அதிகாரி சின்னப் பையன், மரியாதையானவன்.
"உங்ககிட்டக் குறைக்க ஒண்ணுமில்லையே, சார்."
முன்பே செய்தவருக்கு
படிவத்தில் கட்டம் இல்லை.

திரும்பும் வழியில் இங்கே ஏறினார்.
ஒரு செம்பு தண்ணீரை அண்ணாந்து குடித்துவிட்டு
"பழைய பொகை எங்கயாச்சும் வெலைக்கு வந்தா
சொல்லு தாயி, வாங்கிக்கிடுதேன்" என்றார்.
முதலாளி சிரித்தார்.
நான் கால்குலேட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பதினோராம் பக்கம் கல்லைப் பற்றி.
நெருப்பை மாற்றலாம், கல்லை மாற்ற முடியாது.
எந்தத் தீயில் சுட்டாலும்
நூறு கிலோ கல் ஐம்பத்தாறாய் இறங்கும்.
நாற்பத்துநான்கு மேலே போகும்.
அளக்க வந்த ஆவுடைநாயகம் சொன்னான்:
பூசிய சுவர்கள் அதைக்
கொஞ்சம் கொஞ்சமாய்த் திரும்ப இழுக்குமாம்.
எத்தனை வருஷத்தில் என்றேன்.
அதைப் படிவம் கேட்கவில்லை என்றான்.

உள்ளதை உள்ளபடி எழுதினேன்,
கிலோ பிசகாமல்.
அவ்வளவு கரியும்
எங்களுக்கு வரவாய் நின்றது.

ஏழாம் பக்க ஓரத்தில்
பென்சிலால் அண்ணாச்சி பெயரை எழுதி
ரப்பரால் அழித்தேன்.
ஸ்கேன் எடுத்தபோது
தடம் லேசாய் விழுந்திருந்தது.

வேறு தாள் இருந்தது.
மாற்றவில்லை.