வெறும் வண்டி எடை

ஒத்தக்கடை தாண்டி, மேலூர் ரோட்டோரம்
அறுபது டன் எடைமேடை எங்களுடையது.
ராத்திரி ஒன்றரைக்கு மேல் லாரி குறையும்.
அப்போதுதான் வருவார்கள்
தொள்ளாயிரத்தார்.

வரமாட்டார்கள். நாங்கள்தான் வரவழைப்போம்.
தொள்ளாயிரம் ஒளியாண்டுக்கு அந்தப் பக்கம் என்பதால்
சீனிமுகமது வைத்த பேர்.
கிரேன் ஓட்டுகிறவன்,
பலம் என்பது எங்களில் அவனுக்குத்தான்
டன் கணக்கில் தெரியும்.

ஏற்கெனவே அவர்களுக்கு மூச்சு வேண்டாம்.
வெயிலைக் குடித்தே வயிறு நிறையும்.
ஒருத்தன் வந்தால் போதும்,
எதிரே படுத்திருக்கும் யானைமலையை அலாக்காகத் தூக்கி
வண்டியூர்த் தெப்பக்குளத்தில் குளிப்பாட்டி
ஈரம் சொட்டச் சொட்டத்
திருப்பிக் கொண்டுவந்து வைப்பான்.
(குளம் தாங்குமா என்று ஒரு வாரம் சண்டை.)

"பத்தாது" என்பான் வியாகுலம்.
"இன்னும் ஏத்தணும்."

ஏற்றினோம்.
இதயத்தை இரண்டாக்கினோம், மூன்றாக்கினோம்,
ஏழில் நிறுத்தினோம்.
ஏழும் ஏழு தாளத்தில் அடித்தால்
எந்த டாக்டர் எந்த இடத்தில் குழாயை வைப்பார்?

தூக்கத்தை எடுத்தோம்.
ஜெயக்கொடி டீக்கேனை இறக்கிவைத்துவிட்டு
"பதினோரு வருசமா நானுந்தான் தூங்கல,
எந்த மலையத் தூக்கிட்டேன்?" என்றாள்.
தூக்கத்தைத் திருப்பிக் கொடுத்தோம்.

வலியை எடுத்தோம்.
சீனி இடது கையை நீட்டினான்.
சங்கிலியில் சிக்கி ரெண்டு விரல் போன கை.
"வலிச்சுச்சு, இழுத்துக்கிட்டேன்.
இல்லைனா இந்த மூணும் இருக்காது."
வலியும் போய்ச் சேர்ந்தது, உரியவர்களிடம்.

ஒருத்தன் நினைப்பது எல்லாருக்கும் தெரியட்டும் என்றேன் நான்.
அது என் யோசனை, பெருமையாக இருந்தது.
"அப்ப ஒரு பயலும் பொய் சொல்ல முடியாதே.
மாட்டுத்தாவணில ஒரு மூட்டை கத்திரிக்கா
வித்துருவாய்ங்களா அவிய்ங்க?"

மாசி முழுக்க இப்படி.
கடைசியாக வியாகுலம் கண்டுபிடித்தான்:
"ஒருத்தன் செத்தா ரெண்டா எந்திரிக்கணும்."
நல்ல யோசனை. எல்லாரும் சும்மா இருந்தோம்.
பிறகு சீனிதான் கேட்டான்,
"அவிய்ங்களக் கொல்றதுக்கு எவன் இருக்கான்?"

எதிரி வேண்டும்.
எதிரி இல்லாமல் ஒருத்தன் எப்படிப் பெருகுவான்?
யாரை வைப்பது, யாரை வைப்பது என்று
வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது
மேலூர்ப் பக்கமிருந்து வெளிச்சம் வந்தது.

லாரி. மேலே ஒரே கல்,
நாலு பக்கமும் வெட்டிச் சதுரமாக்கி
நீலப் பெயின்டில் நம்பர் போட்டது.
மேடை ஒருமுறை முனகிற்று.
நாற்பத்தேழாயிரத்து முந்நூற்று எண்பது.

"இது எந்த மலை?" என்றாள் ஜெயக்கொடி,
டிரைவருக்கு டீயை நீட்டியபடி.
"சீட்டுல போடலக்கா."

எங்கள் தொள்ளாயிரத்தார்
தூக்கிய மலையைத் திருப்பி வைப்பார்கள்.
அதை ஒரு பலமாக
ஒருநாளும் நாங்கள் கணக்கில் சேர்த்ததில்லை.

"வெறும் வண்டி எடை போட்டியாப்பா?"
"இல்லண்ணே, நேரா ஏத்திட்டாய்ங்க."
"அப்ப கல்லு எவ்வளவுன்னு நான் எப்படிச் சொல்றது?"
"குத்துமதிப்பாப் போடுங்கண்ணே."

போன பிறகு மேடை பூஜ்யத்துக்கு வந்தது.
செவலை நாய் ஒன்று குறுக்கே நடந்தது,
பத்து என்று காட்டிற்று.
பத்து கிலோவுக்குக் கீழே
எதுவும் இந்த மேடைக்குத் தெரியாது.
ஒரு கொசு, ஒரு பயம், ஜெயக்கொடியின் கொட்டாவி,
எல்லாம் அதற்குப் பூஜ்யம்.

"எங்க விட்டோம்?" என்றான் வியாகுலம்.
யாரும் சொல்லவில்லை.

நோட்டை எடுத்தேன்.
வண்டி நம்பர், நேரம், மொத்த எடை.
வெறும் வண்டி எடை என்கிற கட்டத்தில்
குத்துமதிப்பாக ஒன்றை எழுதப்போய்
பேனா நின்றது.
அடித்துவிட்டு
அவர்களுக்கும் சேர்த்து
ஒரு கோடு போட்டேன்.