ஒரே மூச்சில் சுன்னாகம்

மழை விட்ட மார்கழிப் பின்னேரம்
கோண்டாவிலில் என் கிளினிக் வாசலில்
மினிபஸ் ஒன்று சனத்தோடு நின்றது.
இறங்கி வந்தவர் கொண்டக்டர்,
காசுப்பை இன்னும் கக்கத்தில்.

"தடிமன்... நாலு நாள்...
இண்டைக்கு... முட்டு."

பெயர் கமலரூபன். அதை எழுதித்தான் காட்டினார்.
தோள் மேலேற, கழுத்துக்குழி உள்ளிழுபட,
கதிரைக் கைகளை இறுக்கிக் குனிந்திருந்தார்.
முதுகில் குழாயை வைத்தேன்.
உள்ளே ஏழெட்டு விசில் ஒன்றாய் ஊதின;
எந்த பஸ்ஸும் புறப்படவில்லை.

விரலைக் கவ்விய கருவி தொண்ணூற்றிரண்டு என்றது.
எனக்கு இன்னொரு கணக்கும் வேண்டும்.
"ரூட்டைச் சொல்லுங்கோ, கூப்பிடுற மாதிரி."

"தட்டாதெரு... கொக்குவில்..."
அதோடு காற்று முடிந்தது.

நீலப் பம்பைப் பிளாஸ்டிக் கூட்டில் பொருத்தி
ஒவ்வோர் அழுத்தாய், எண்ணி, பத்து.
சின்ன வெள்ளைக் குளிசை எட்டு, ஒரு மிடறு தண்ணி.
பிறகு இருபது நிமிடம்
செய்ய ஒன்றுமில்லை, பார்த்திருப்பதைத் தவிர.
பெரியாஸ்பத்திரித் துண்டு மேசையில்,
பேனை திறந்தபடி.
வெளியே ட்ரைவர் ஹோர்ன் அடித்தான்.
சனம் இறங்கி நடக்கத் தொடங்கிற்று.

நாள் முழுக்க
"உள்ளுக்குப் போங்கோ, இடம் கிடக்கு" என்கிற மனிதர்
தன் நெஞ்சுக்குள் இடம் தேடிக்கொண்டிருந்தார்.

வசனம் திரும்பியதும் முதல் வசனம்:
"அந்தச் சிவப்பும் மஞ்சளும் குளிசை தாங்கோ டொக்டர்,
போன மாரி பார்மசியில தந்தவை, மாறினது."
தானாய் மாறுகிற தடிமனுக்குப்
பேர் வாங்கிய குளிசை அது.
"இது வைரஸ். காய்ச்சல் ஏறி, நெஞ்சு குத்தினால் வாங்கோ,
அப்ப யோசிப்பம்."
நம்பவில்லை. முகத்தில் தெரிந்தது.

"மண்ணிறப் பம்ப் எங்கே?"
"சுகமாயிருக்கேக்க அது எதுக்கு எண்டு விட்டனான்."
ஏச வாயெடுத்தேன். எடுத்த வாயால்
"திரும்ப ரூட்டைச் சொல்லுங்கோ" என்றேன்.

"தட்டாதெரு கொக்குவில் கோண்டாவில் இணுவில் மருதனார்மடம்"
ஒரு மூச்சு
"சுன்னாகம்."
கருவி தொண்ணூற்றாறு.
பேனையை மூடினேன்.

ஐந்து நாள் குளிசை. மண்ணிறப் பம்ப் ஒவ்வொரு நாளும்.
நாளையிண்டைக்கு வரவேணும்.

வரவில்லை.

வெள்ளி காலை றோட்டில் ஒரு குரல்:
"இணுவில், மருதனார்மடம்"
அவர்தானா என்று
குழாயைக் காதிலிருந்து கழற்றினேன்.
சீமெந்து லொறி ஒன்று குறுக்கே போனது.
சுன்னாகத்தைச் சொன்னாரோ தெரியாது.
முன்னால் இருந்த பிள்ளை இருமியது.
குழாயைத் திரும்பக் காதில் வைத்தேன்.