அமர்வு காலாவதியானது

மெய்ன் கரையில் பிப்ரவரி, ஒரு வியாழக்கிழமை.
நூலகத்தின் ஒரே கணினிக்கு முன்னால்
இடுப்பளவு ரப்பர் காலணியோடு உட்கார்ந்திருக்கிறேன்.
நூலகர் ப்ரூடன்ஸ் தரையைப் பார்க்கிறாள்,
என்னைப் பார்க்கவில்லை.
அவ்வளவு மரியாதை.

சேதி ராய்ஸின் வண்டியில் வந்தது:
"நம்ம சேத்துக்கு ஏதோ சட்டம் வருதாம்."
என்ன சட்டம்? அவனுக்கும் தெரியாது.
மட்டி வாங்கும் கடையில்
யாரோ யாரிடமோ சொன்னது.

சட்டமன்றத்தின் முகப்புப் பக்கத்தில்
பளபளக்கும் கும்மட்டம், மேகமில்லாத வானம்.
படிக்கட்டில் பனியும் இல்லை, ஆளும் இல்லை.

'மட்டி' என்று அடித்தேன்.
முடிவுகள்: பூஜ்யம்.
'சேறு' என்று அடித்தேன்.
மூன்று. மூன்றும் லாரிகளைப் பற்றி,
பனி உருகும் மாதத்தில் மண்பாதை
எவ்வளவு எடை தாங்கும் என்று.
(முழுக்கப் படித்தேன். ராய்ஸுக்குச் சொல்ல வேண்டும்.)

சேறாக இருந்தால் எனக்கு வழி தெரியும்.
மட்டி இருக்கும் இடத்தில் ஒரு துளை,
பென்சில் முனை அளவு.
பக்கத்தில் கால் வைத்தால்
நீர் பீறிட்டுக் காட்டிக்கொடுக்கும்.
இங்கே எங்கே மிதித்தாலும்
எதுவும் பீறிடவில்லை.

குழுக்கள் என்ற வாசலில் நுழைந்தேன்.
கடல்வளம் என்றிருந்தது, அங்கே இல்லை.
விவசாயம், அங்கேயும் இல்லை.
பின்வாங்கும் அம்பை அழுத்தி அழுத்தி
மூன்று முறை வாசலுக்கே வந்து நின்றேன்.
கடைசியில் கிடைத்தது நீதித்துறைக் குழுவில்:
'சில வரையறைகளைத் திருத்துவதற்கான சட்டம்.'
பதினொரு பக்கம்.
தலைப்பைப் பார்த்து யார் பயப்படுவார்கள்?

நான்காம் பக்கத்தில்
'ஓத இடைப்பரப்பு' என்றொரு சொல்.
உயர் ஓதக் கோட்டுக்கும்
தாழ் ஓதக் கோட்டுக்கும் நடுவிலுள்ள நிலம்.
அட,
நான் நிற்கும் இடம் அல்லவா அது!
இருபத்தாறு வருஷம் முழங்கால் புதைய நின்றும்
அதன் பெயர் எனக்குத் தெரியாது.
அதற்கும் என் பெயர் தெரியாது, கணக்கு சரி.

அதற்கடுத்த வரியில்
குறுக்கே கோடு கிழித்த ஒரே ஒரு சொல்:
எவரும்.
பக்கத்தில் அடிக்கோடிட்டுப் புதிதாக மூன்று:
கரை உரிமையாளர் அனுமதித்தவர்.

விசாரணை நாள் செவ்வாய். காலை பத்து மணி.
ஓத அட்டவணை என் சட்டைப்பையில் இருக்கிறது,
செவ்வாய் காலை பத்தே காலுக்கு
நீர் முழுக்க வற்றும்.
தலைநகருக்கு இரண்டரை மணி நேரம்.
அந்த நாட்காட்டி போட்டவருக்கு
நிலா இருப்பது தெரியாது.

நேரில் வர இயலாதோர் இங்கே அழுத்தவும்.
அழுத்தினேன்.
பெயர்: டெல்மா க்ரௌலி.
ஊர்: பெல்லம் முனை.
யார் சார்பாக?
பட்டியல் கீழே இறங்கியது. நிறுவனம், சங்கம், அரசுத் துறை,
ஆழத்தில், தொட்டால் வழுக்கும் இடத்தில்,
தன் சார்பாக.
நிலைப்பாடு: ஆதரவு. எதிர்ப்பு. இரண்டுமில்லை.
இரண்டுமில்லை என்று சொல்ல
ஒருவர் இத்தனை தூரம் வருவாரா?

பிறகு எழுதினேன்.
உப்பில் வெடித்த விரல்,
ஒரு எழுத்துக்கு ஒரு குத்து.
அப்பாவின் மண்வாரி, வாளிக்குக் கிடைக்கும் விலை,
புதிதாக வந்த கண்ணாடி வீடுகள்,
அவற்றின் வேலி தண்ணீருக்குள் இறங்கும் கதை,
எல்லாம் எழுதி முடித்து நிமிர்ந்தபோது
சாம்பல் நிறத்தில் ஒரு பெட்டி:
உங்கள் அமர்வு காலாவதியாகிவிட்டது.

அமர்வாம்.
நான் என்றைக்கு அமர்ந்தேன்?
குனிகிற வேலை என்னுடையது.
அமர்வதெல்லாம் அவர்கள்தான்,
அவர்களுக்கோ ஜூன் வரை நேரமிருக்கிறது.

ராய்ஸ் வெளியே ஹாரன் அடிக்கிறான்.
நீர் இறங்கத் தொடங்கிவிட்டது.
மறுபடி பெயர், மறுபடி ஊர்,
மறுபடி அந்த வழுக்கும் பட்டியல்.
இந்த முறை இரண்டே வரி:

நான்காம் பக்கத்தில் நீங்கள் அடித்த 'எவரும்' நான்தான்.
என்னை அப்படியே விட்டுவிடுங்கள்.

சமர்ப்பி.

எழுந்தேன்.
நாற்காலிக்குக் கீழே ஈரமாய்
இரண்டு கால் தடம்.
ப்ரூடன்ஸ் துடைப்பத்தை எடுத்தாள்,
பிறகு என்ன நினைத்தாளோ,
சுவரில் சாய்த்துவிட்டு
கணினியில் போய் உட்கார்ந்தாள்.