முப்பத்தாறு

கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது.
கையெழுத்துப் போட்டு வாங்கியது நான்தான்.
துளையிட்ட எலும்பில் ஆழம் பார்க்கிற கம்பி,
ஒரு லாட்டில் மட்டும்
கோடுகள் இரண்டு மில்லிமீட்டர் தள்ளி விழுந்துவிட்டனவாம்.
உடனே நிறுத்தவும். உறையிலிட்டுத் திருப்பி அனுப்பவும்.
கூரியர் செலவு எங்களுடையது.

பச்சைத் துணிக்குள் கிடந்தது அது,
நீராவியில் வெந்து, சுத்தமாக.
எண் பொருந்தியது.
ஜன்னலோரம் பிடித்துப் பார்த்தேன்.
தேய்மானம் இல்லை, துரு இல்லை,
மயிரிழைக் கோடுகள், ஒவ்வொன்றும் அத்தனை நேர்த்தி.
பொய் சொல்கிற பொருள் இப்படியா இருக்கும்?

கோத்தகிரியின் இந்தச் சின்ன ஆஸ்பத்திரியில்
பதினான்கு மாதமாக அதை வாசித்தது என் வாய்.
டாக்டர் பெள்ளிராஜ் கம்பியைத் துளைக்குள் விட்டு
மறுபக்க விளிம்பில் கொக்கியை மாட்டி
என் பக்கம் தலையசைப்பார்.
குனிந்து பார்த்து உரக்கச் சொல்வேன்:
முப்பத்தாறு.
அவரும் சொல்வார்: முப்பத்தாறு.
தட்டிலிருந்து அந்த நீளத்துத் திருகாணியை எடுத்துத் தருவேன்.
ஒரு தடவைகூட நான் தப்பாக வாசித்ததில்லை.
அதுதான் இப்போது தொண்டையில் நிற்கிறது.

கைவசம் உள்ளவை எத்தனை என்று
படிவத்தில் கேட்டிருந்தார்கள். ஒன்று.
உள்ளே போனவை எத்தனை என்று கேட்கக்
கட்டம் இல்லை.
ரெஜிஸ்டரில் விரல் வைத்து எண்ணினேன், பத்தொன்பது பேர்.
பதினேழு பேரைப் போனில் பிடித்தோம்.
ஒருவர் போன ஐப்பசியில் இறந்திருந்தார்,
காலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்றார்கள்,
இரண்டு முறை கேட்டுக்கொண்டேன்.
மரியபுஷ்பத்தின் எண் மட்டும் கிடைக்கவில்லை.

சோலூர்மட்டம் பஸ்ஸில் கண்ணாடிக்கு வெளியே ஒன்றும் தெரியவில்லை.
கண்டக்டர் ஊர் வந்துவிட்டது என்றார்,
நம்பி இறங்கினேன்.

மூன்று முறை வந்திருக்கிறாள் அவள்.
"உள்ள இருந்து ஏதோ எட்டிப் பாக்குது சார்."
மலைக்குளிர், அப்படித்தான் இருக்கும் என்றோம்.
என்றோம் என்றால், நானும்தான்.

இலைக் கொட்டகை வரிசையில் நின்றிருந்தாள்.
தலையில் சாக்குக் கொங்காணி, கைநகமெல்லாம் கறுப்புக் கறை.
சொன்னேன்.
காலுறையைக் கீழே தள்ளி
என் விரலை இழுத்துக் கணுக்காலின் உட்புறத்தில் வைத்தாள்.
தோலுக்கடியில் ஒரு நெல்முனை.

"ரெண்டு மில்லின்னா எம்புட்டு?"
நகத்தில் காட்டினேன்.
"இம்புட்டுக்கா இவ்வளவு தூரம் வந்தீங்க?"
சிரித்தாளா, தெரியவில்லை.
"நனஞ்ச இலைன்னு தெனம் ரெண்டு கிலோ கழிக்கிறாங்க.
அந்தத் தராசத் திருப்பி அனுப்பச் சொல்லி
யாரும் கடுதாசி போடல."

திரும்பவும் திறக்க வேண்டும், செலவில்லை,
திங்கட்கிழமை வந்தால் போதும் என்றேன்.
திங்கட்கிழமை கூலி யார் தருவா என்றாள்.
அதற்கும் கட்டம் இல்லை.

அவள் முறை வந்தது. மூட்டையைக் கொக்கியில் மாட்டினார்கள்.
கணக்கர் நிமிராமலே இருபத்தேழு என்று எழுதப்போனார்.
"இருங்க," என்றாள் மரியபுஷ்பம்.
"ஆஸ்பத்திரி சார் வாசிக்கட்டும்."

குனிந்தேன்.
முள் இருபத்தொன்பதில் நின்றது.
எல்லாரும் என் வாயைப் பார்த்தார்கள்.