பாதிப் பாட்டு

அறுபது கேசட்டில்
பக்கத்துக்கு ஆறு பாட்டு.
"மிச்சம் ரெண்டு நிமிசம் கெடக்கு தாயி,
சும்மா ஓட விடவா, பாதிப் பாட்டு போடவா?"
முருகன்குறிச்சியில் ஒரு மாடிப்படிக்குக் கீழே
கடை வைத்திருந்த காஜா அண்ணன்
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கேட்பார்.
கெமிஸ்ட்ரி ரெக்கார்டில் கிழித்த தாளில்
என் கையெழுத்தில் பன்னிரண்டு பாட்டு.
மூன்றுக்கு முதல் வரியே தப்பு.
திருத்த மாட்டார், சிரிக்கவும் மாட்டார்.
சரியான பாட்டைப் பதிந்து
தப்பான வரியை அப்படியே அட்டையில் எழுதித் தருவார்
முத்து முத்தாக.

பாதிப் பாட்டே போடுங்கண்ணே என்றேன்.
முப்பது ரூபாய் கொடுத்துவிட்டு
இரண்டு நிமிடத்தை வீணாய் விடவா?

வாக்மேன் ஷமீமாவுடையது.
அதாவது, அவள் அண்ணனுடையது.
மேலப்பாளையத்திலிருந்து வியாழக்கிழமை மட்டும்
டிபன் டப்பாவுக்கு அடியில்
துப்பட்டா சுற்றிக்கொண்டு வரும்.
காது வைக்கும் பஞ்சு இரண்டு, நாங்கள் மூன்று பேர்.
பாட்டுக்கு ஒருத்தி செவிடு.
செவிடானவள் மற்ற இருவர் முகத்தைப் பார்த்து
இது எந்த இடம் என்று கண்டுபிடிக்க வேண்டும்.
பஸ்ஸுக்கு நிற்பதாகப் பேர்.
நாலு பஸ்ஸை விட்டோம், அஞ்சாவதையும் விட்டோம்.
பேட்டரி தளர்ந்தால் பாடகி ஆண் ஆவாள்.
ஹாஸ்டல் மொட்டைமாடியில்
வடகம் மாதிரி காயப்போட்டு எடுத்தால்
மறுபடி பெண் ஆவாள், ஒரே ஒரு பாட்டுக்கு.

பி பக்கம், கடைசி.
கடைசிச் சரணம்.
குரல் மெல்ல ஏறி ஏறி
அன்று நீ தந்த ம
டக்.

மழை, என்றாள் ஜெபக்கனி.
சாயர்புரத்துத் தேரிக்காட்டுப் பக்கத்துக்காரி,
வேறு எதையும் பெரிதாக நினைக்கத் தெரியாது.
மனசுதான், என்றாள் ஷமீமா,
வேற என்னத்தட்டி தருவான்.
நான் மரணம் என்றேன்.
பத்தொன்பது வயது.

பிறகு முடியாமல் நின்றதெல்லாம் எங்களுக்கு டக்.
லைப்ரரி வாசலில் இரண்டு மாதம் வந்த
நீலக் கட்டம் போட்ட சட்டை, டக்.
சாந்தகுமாரி மிஸ்ஸின் கல்யாணப் பேச்சு, டக்.
பைனல் இயர் ஆகஸ்டில் ஒரு வியாழக்கிழமை
ஷமீமா வரவில்லை.
அடுத்த வியாழனும் வரவில்லை.
மாப்பிள்ளை ஷார்ஜா என்றார்கள்.
அன்றைக்கு ஜெபக்கனியும் நானும்
அந்தச் சொல்லைச் சொல்லவில்லை.

முப்பத்தோரு வருடம் கழித்து
கிளை ஆடிட்டுக்கு வந்த இடத்தில்
ஜங்ஷனில் ஏறிய டவுன் பஸ்.
டிரைவரின் பென்டிரைவிலிருந்து
கொக்கிரகுளத்தில் தொடங்கியது அது.
வண்ணாரப்பேட்டை நெரிசலில் கடைசிச் சரணம்.
அன்று நீ தந்த ம
என் நாக்கு தானாகவே டக் என்றது.
அவள் நிற்கவில்லை.

மல்லிகை.

வெறும் மல்லிகை.
எந்தப் பஸ் ஸ்டாண்டிலும் முழம் போட்டு விற்பது.
எங்கள் மூவரின் தலையிலும் அன்று இருந்தது.

அதற்குப் பின் ஓடியது எனக்குத் தெரியாத பாட்டு.
ஒரு புல்லாங்குழல் வந்தது, யாரென்றே தெரியவில்லை.
"எங்கம்மா எறங்கணும், முருகன்குறிச்சி போயிட்டு"
என்றார் கண்டக்டர்.
இருங்க, முடியட்டும் என்றேன்.

அடுத்த நிறுத்தத்தில் இறங்கி
வெயிலில் திரும்பி நடந்தேன்.
மாடிப்படிக்குக் கீழே ஏ.டி.எம்.
அதன் குளிரில் நின்றபடி ஷமீமாவுக்கு
குரல் செய்தி அனுப்பினேன்:
ஏட்டி, மல்லிகையாம்.

ஷார்ஜாவில் அப்போது மணி பத்தரை இருக்கும்.
பேரனுக்குச் சோறூட்டும் நேரம்.
பதில் ஒரு வினாடி நீளம்.
என்ன சொல்லியிருப்பாள் என்று
உங்களுக்கே தெரியும்.

ஜெபக்கனிக்குத்தான் சொல்ல வேண்டும்.
அவள் நம்பர் எங்கள் இருவரிடமும் இல்லை.
எங்கேயோ இருக்கிறாள்,
அவளுக்கு அது இன்னும்
மழைதான்.